அம்மாவை விட்டுப் போகலாமா? இருத்தலியலுக்கு ஓர் அறிமுகம்

இரண்டாம் உலகப்போர் காலம். பிரான்ஸ் ஜெர்மனியின் பிடியில் இருந்தது. பாரிசில் தத்துவ ஆசிரியராக இருந்த ழான் பால் சார்த்தரிடம் மாணவன் ஒருவன் யோசனை கேட்டு வந்தான். அவனுடைய அண்ணன் 1940இல் ஜெர்மானியத் தாக்குதலில் இறந்துபோனவன். அப்பா ஜெர்மானியர்களோடு ஒத்துப்போகும் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார். அவருக்கும் அம்மாவுக்கும் ஆகவில்லை. மூத்தவனைப் பறிகொடுத்த அந்த அம்மாவுக்கு மிஞ்சியிருந்த ஒரே பிடிப்பு இந்தப் பையன்தான். அவனுக்கோ எப்படியாவது இங்கிலாந்துக்குத் தப்பிப் போய்ச் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர வேண்டும், அண்ணனின் சாவுக்குப் பழிதீர்க்க வேண்டும். போனால் அம்மா உடைந்துவிடுவாள். போகாவிட்டால் ஆயுளுக்கும் மனது உறுத்தும்.

இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. அம்மாவோடு இருந்தால் அதன் பலன் கண்ணுக்குத் தெரியும்: ஒருத்தி உயிரோடு இருப்பாள். படைக்குப் போனால் பலன் நிச்சயமில்லை. வழியில் ஸ்பெயினில் ஏதாவது ஒரு முகாமில் பிடித்து அடைத்துவிடலாம். இங்கிலாந்து போய்ச் சேர்ந்தாலும் ஓர் அலுவலக அறையில் உட்கார்ந்து படிவம் நிரப்பும் வேலை கிடைக்கலாம்.

"நீ சுதந்திரமானவன், நீயே தேர்ந்தெடு" என்பதுதான் சார்த்தர் சொன்ன பதிலின் சாரம். யோசனை கேட்டு வந்தவனைக் கைகழுவிவிட்ட மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் இந்தக் கதையை அவர் எங்கே, எப்போது சொன்னார் என்று தெரிந்தால் அந்தப் பதிலின் கனம் புரியும். இருத்தலியல் (எக்ஸிஸ்டென்ஷியலிசம்) என்ற தத்துவத்துக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. வாழ்க்கையின் அர்த்தம் என்ன என்று பொத்தாம்பொதுவாக ஆரம்பித்தால் பேச்சு எங்கெங்கோ போய்விடும். பெற்றவளை விட்டுப் போவதா, கூடவே இருப்பதா என்று ஆரம்பித்தால் நழுவ இடமில்லை. இந்தத் தத்துவத்தின் பெரிய பெயர்கள் பலருக்கும் சொந்த வாழ்க்கையிலேயே இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவத்தில் வந்திருக்கிறது. அறிமுக நூல்கள் பெரும்பாலும் இதைச் சேர்த்துப் பார்ப்பதில்லை.

1945 அக்டோபர் 29 அன்று மாலை பாரிசில் சார்த்தர் ஒரு பொதுக்கூட்டத்தில் பேசினார். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம். நாற்காலிகள் உடைந்தன, நெரிசலில் சிலர் மயங்கி விழுந்தார்கள். சினிமா நட்சத்திரத்துக்கு வருகிற கூட்டம் ஒரு தத்துவ ஆசிரியருக்கு வந்தது. மாணவனின் கதை அந்தப் பேச்சில்தான் வருகிறது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1943இல், எழுநூறு பக்கம் தாண்டிய ஒரு தடித்த தத்துவ நூலை அவர் வெளியிட்டிருந்தார். அதைப் படித்துவிட்டு வந்த கூட்டமாக இது இருந்திருக்க முடியாது. பின்னே ஏன் இவ்வளவு பேர் முண்டியடித்தார்கள்?

அந்த மாதத்தின் செய்திகளைப் பார்த்தால் ஓரளவு விளங்கும். நாஜிகளோடு ஒத்துழைத்த விஷி அரசின் தலைவர்களில் ஒருவரான பியர் லவால், இந்தப் பேச்சுக்குச் சரியாக இரண்டு வாரம் முன்பு, அக்டோபர் 15 அன்று, மரண தண்டனையாகச் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பர்க் விசாரணை அடுத்த மாதம் தொடங்கவிருந்தது. 'மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்ய முடியும்' என்ற வாதம் ஐரோப்பா முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. நான்கு வருட ஆக்கிரமிப்பில் சாதாரண மனிதர்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கட்டத்தில் வாயைத் திறப்பதா மூடுவதா, கதவைத் திறப்பதா சாத்துவதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவர்கள் முன்னால் ஒருவர் வந்து நின்று, உனக்கு எப்போதும் ஒரு தேர்வு இருந்தது, இப்போதும் இருக்கிறது என்கிறார். அது குற்றச்சாட்டாகவும் கேட்டிருக்கும், விடுதலையாகவும் கேட்டிருக்கும்.

சரி, அவர் சொன்னது என்ன? காகிதம் வெட்டும் கத்தியை உதாரணமாக எடுத்துக்கொண்டார். அதைச் செய்தவன், அது எதற்காக, எப்படி இருக்க வேண்டும் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொண்டுதான் செய்தான். கத்தியின் நோக்கம் முதலில், கத்தி அப்புறம். கடவுள் மனிதனைப் படைத்தார் என்று நம்பினால் மனிதனுக்கும் அதே வரிசைதான். அப்படிப் படைத்தவர் யாரும் இல்லை என்றால் வரிசை தலைகீழாகிவிடுகிறது. மனிதன் முதலில் வந்து நிற்கிறான். என்னவாக இருக்கிறான் என்பது அவன் செய்கிற காரியங்களால் பிற்பாடு சேர்கிறது. 'அவன் பிறவிக் கோழை' என்று சொல்வதை சார்த்தர் ஏற்கமாட்டார். கோழைத்தனமான காரியங்களைச் செய்து செய்து ஒருவன் கோழையாகிறான், நாளைக்கே அதை மாற்றவும் அவனால் முடியும். ஜாதகமும் தலையெழுத்தும் நம் வீட்டுப் பேச்சில் கலந்து கிடப்பதால் இந்த இடம் நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும்.

இப்போது மாணவனிடம் திரும்புவோம். அவனுக்கு உதவக்கூடியவை என்று தோன்றும் ஒவ்வொன்றையும் சார்த்தர் எடுத்துப் பார்த்துக் கீழே வைக்கிறார். வேதம் உதவுமா? அயலானை நேசி என்கிறது கிறிஸ்தவம். இங்கே அயலான் யார், அம்மாவா, போர்முனையில் நிற்கிற சக வீரனா? நீதிநெறித் தத்துவம்? மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்றார் இம்மானுவேல் கான்ட். அம்மாவோடு தங்கினால் போராடுகிறவர்கள் கருவியாகிறார்கள், போராடப் போனால் அம்மா கருவியாகிறாள். மனது சொல்வதைக் கேட்கலாமா? அந்தப் பையனே அப்படித்தான் சொன்னானாம்: அம்மா மேல் எனக்குள்ள பாசம் எல்லாவற்றையும் விடப் பெரியது என்று தோன்றினால் இருந்துவிடுவேன் என்று. ஆனால் அந்தப் பாசத்தின் அளவு எப்படித் தெரியும்? அவளுக்காக இருந்துவிட்ட பிறகுதான் தெரியும். செயலுக்கு வழிகாட்ட உணர்ச்சியைத் தேடினால், அந்த உணர்ச்சிக்கு அத்தாட்சியே செயல்தான் என்று ஆகிவிடுகிறது.

கடைசியாக, பெரியவர் ஒருவரிடம் கேட்கலாம். இங்கே சார்த்தர் நறுக்கென்று ஒன்று சொல்கிறார். பாதிரியாரிடம் போவதென்றால் எந்தப் பாதிரியாரிடம்? ஜெர்மானியர் பக்கம் சாய்ந்தவரும் இருந்தார், எதிர்ப்பியக்கத்தில் இருந்தவரும் இருந்தார். யாரிடம் போகிறோம் என்பதிலேயே என்ன பதில் வேண்டும் என்பதை முடிவுசெய்துவிடுகிறோம். கல்யாணம், வேலை, வெளிநாட்டுப் பயணம் என்று எதற்காவது யோசனை கேட்கப் போன எவருக்கும் இதில் இருக்கும் உண்மை தெரியும்.

இப்படி எல்லாக் கைத்தடியும் போன பிறகு மிஞ்சுவதைத்தான் சார்த்தர் சுதந்திரம் என்றார். அது கொண்டாட்டமான விஷயமாக அவருக்குத் தெரியவில்லை. மனிதன் சுதந்திரத்துக்குத் தண்டிக்கப்பட்டவன் என்பது அவர் வாசகம். அந்தச் சுமையிலிருந்து தப்ப நாம் செய்கிற முக்கியமான தந்திரம் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. 1943 நூலில் வருகிற காபிக்கடைப் பணியாளர் இதற்குப் பெயர்பெற்ற உதாரணம். அவருடைய நடை கொஞ்சம் அதிக வேகம், குனிவு கொஞ்சம் அதிகப் பணிவு, தட்டை ஏந்துவதில் ஒரு சர்க்கஸ் லாவகம். பணியாளர் என்ற வேடத்துக்குள் முழுவதுமாக ஒளிந்துகொண்டால், அந்த வேடத்துக்கு வெளியே இருக்கும் தன்னைப் பார்க்க வேண்டியதில்லை. 'நான் ஒரு அதிகாரி', 'நான் ஒரு குடும்பத் தலைவன்' என்று சொல்லிக்கொண்டு அதன் பின்னால் நிற்கும்போதும் நடப்பது இதுதான்.

மாணவனுக்கு அப்படிச் சொன்ன சார்த்தர் என்ன செய்தார் என்று குறும்பாகக் கேட்கலாம். சின்னக் குழந்தையாக இருந்தபோதே அப்பாவை இழந்தவர் அவர். 1945இல் அம்மாவின் இரண்டாம் கணவரும் இறந்துவிட, அடுத்த ஆண்டு, நாற்பது வயதைத் தாண்டிய நிலையில், போனபார்ட் தெருவில் அம்மா வாங்கிய வீட்டில் அவரோடு குடியேறினார். பல வருடம் அங்கேதான் இருந்தார், எழுதினார்.

சார்த்தருக்கு நூறு வருடம் முன்பே இந்தப் பாதையை வெட்டியவர் டென்மார்க்கின் கோபன்ஹேகனைச் சேர்ந்த சோரன் கீர்க்கெகார்ட் (1813-1855). இவர் நாத்திகர் இல்லை, தீவிரக் கிறிஸ்தவர். இவரை ஆட்டிவைத்தது அப்பா. ஜட்லாந்துப் பொட்டல்வெளியில் ஆடு மேய்த்த சிறுவயதில், குளிரும் பசியும் தாங்காமல் அந்த அப்பா கடவுளைச் சபித்திருந்தார். பிற்பாடு பெரிய பணக்காரரான பிறகும் அந்தச் சாபம் தன் பிள்ளைகள் மேல் விடிந்துவிட்டது என்றே நம்பினார். ஏழு பிள்ளைகளில் ஐந்து பேர் அவருக்கு முன்பே இறந்துபோனார்கள். அந்த வீட்டின் இருட்டிலிருந்து வந்த சோரன், 1841இல் ரெகினே ஓல்சன் என்ற பெண்ணோடு நிச்சயமாகியிருந்த திருமணத்தைத் தானே முறித்துக்கொண்டு, எழுத்தில் இறங்கினார்.

1843இல் புனைபெயரில் அவர் எழுதிய நூல் முழுக்க ஒரே கதையைச் சுற்றிச் சுற்றி வருகிறது: கடவுள் கேட்டார் என்று மகன் ஈசாக்கைப் பலியிட ஆபிரகாம் மலைக்கு அழைத்துப் போன கதை. பிள்ளையைக் கொல்லத் துணிந்த தகப்பன்களில் இரண்டு வகை உண்டு என்கிறார் கீர்க்கெகார்ட். நம் கதைகளைக் கொண்டே இதைச் சொல்லலாம். கன்றைக் கொன்ற மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனைப் பார்த்து ஊர் அழும், ஆனால் ஊருக்கு அது புரியும். நீதி எல்லோருக்கும் பொது. கீர்க்கெகார்ட் இவரை அவல நாயகன் வகையில் வைத்திருப்பார். அடியாருக்காகப் பிள்ளையை அறுத்த சிறுத்தொண்டர் கதை ஆபிரகாமுக்குக் கிட்டே வருகிறது, பொது நீதி எதைக் கொண்டும் அதை நியாயப்படுத்த முடியாது. அப்போதும் ஒரு வித்தியாசம். சிறுத்தொண்டருக்கு மனைவியும் தாதியும் துணை நின்றார்கள். ஆபிரகாம் மனைவியிடமும் சொல்லவில்லை, மகனிடமும் சொல்லவில்லை. சொன்னாலும் யாருக்கும் விளங்காது. தான் கேட்டது கடவுளின் குரலா, தன் பைத்தியமா என்பதற்கு அவனுக்கு வெளியே சாட்சி கிடையாது. அந்தத் தனிமைதான் கீர்க்கெகார்டுக்கு முக்கியம். நம்பிக்கை என்பது ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போய்வருகிற சௌகரியமான விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்த டென்மார்க் கிறிஸ்தவர்களை அவர் அந்த மலையடிவாரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். சார்த்தர் தன் பேச்சில் ஆபிரகாமை எடுத்தாளுவதும் இதற்காகத்தான்: குரல் கேட்கலாம், அது யாருடைய குரல் என்று முடிவுசெய்வது நான்தானே.

ஜெர்மானியத் தத்துவவாதி நீட்சேயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவர் மேல் ஏற்கனவே நிறைய மாலைகள் விழுந்துவிட்டன. 1882இல் அவர் எழுதிய ஒரு துண்டில், பைத்தியக்காரன் ஒருவன் பட்டப்பகலில் விளக்கை ஏந்திச் சந்தைக்கு வந்து கடவுளைத் தேடுகிறான், பிறகு 'நாம்தான் அவரைக் கொன்றோம்' என்று கத்துகிறான். இதில் கவனிக்க வேண்டியது, சந்தையில் அவனைப் பார்த்துச் சிரிப்பவர்கள் கடவுளை நம்பாதவர்கள். நம்பிக்கை போனபோது அதோடு சேர்ந்து போனவை என்னென்ன என்று அவர்களுக்கு உறைக்கவே இல்லை. நீட்சேயின் கோபம் அவர்கள் மேல்தான்.

இன்னொரு ஜெர்மானியத் தத்துவவாதி மார்ட்டின் ஹைடெக்கர் வேறொரு காரணத்துக்காக முக்கியம்: இந்தத் தத்துவம் எங்கே வழுக்கும் என்பதற்கு அவரே சாட்சி. 1927இல் வந்த அவருடைய பெருநூல், ஊர் சொல்வதைச் சொல்லி, ஊர் சிரிப்பதற்குச் சிரித்து வாழ்கிற நிலையிலிருந்து, தன் சாவை நேராகப் பார்ப்பதன் மூலம் மனிதன் தன்னிடம் திரும்புவதைப் பேசுகிறது. எழுதியவரோ 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார், அதே ஆண்டு ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்புக்கும் வந்தார். தன்னை வளர்த்துவிட்ட, யூதக் குடும்பத்தில் பிறந்த ஆசிரியர் ஹுஸ்ஸர்லுக்கு அந்நூலைக் காணிக்கையாக்கியிருந்தார்; 1941 பதிப்பில் அந்தக் காணிக்கைப் பக்கம் காணாமல்போனது. தன்னிடம் உண்மையாக இருப்பது என்ற ஒன்று மட்டும் போதாது, எதற்கு உண்மையாக இருக்கிறோம் என்றும் கேட்டாக வேண்டும். அவருடைய பழைய நண்பரும் தத்துவவாதியுமான கார்ல் யாஸ்பர்ஸ் எதிர்த் திசையில் நின்றார். யாஸ்பர்ஸின் மனைவி கெர்ட்ரூட் யூதர். அதற்காக 1937இல் அவருடைய பேராசிரியர் பதவி பறிக்கப்பட்டது. தான் மட்டும் சுவிட்சர்லாந்து போக வழி கிடைத்தபோதும் மனைவியை விட்டுப் போகவில்லை. 1945 ஏப்ரல் நடுவில் அவர்களைப் பிடித்து முகாமுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு அமெரிக்கப் படை ஹைடல்பெர்குக்குள் நுழைந்துவிட்டது. சாவு, துன்பம், குற்றம், போராட்டம் போன்ற, தப்பிக்கவே முடியாத சூழல்களை எல்லைச் சூழல்கள் என்று அழைத்து, மனிதன் தன்னை உணர்வது அங்கேதான் என்று எழுதியவர் அவர்.

எப்போதும் தேர்வு உண்டு என்கிற சார்த்தரின் பேச்சில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதை முதலில் பார்த்தவர் அவருடைய வாழ்நாள் துணையான சிமோன் தெ பொவ்வார். 1940 வாக்கிலேயே அவரிடம் கேட்டாராம்: அந்தப்புரத்தில் அடைபட்டுக் கிடக்கும் பெண்ணுக்கு என்ன சுதந்திரம்? அங்கேயும் பல விதமாக வாழலாம் என்று சார்த்தர் வாதாடினார். பொவ்வார் ஒப்புக்கொள்ளவில்லை. தேர்வு என்பது வெறும் மனத்தில் நடப்பதில்லை. அதற்கு எதிரே கதவு இருக்க வேண்டும், கையில் காசு இருக்க வேண்டும், வேறு வாழ்க்கை ஒன்று உண்டு என்கிற எண்ணமாவது எட்ட வேண்டும். 1949இல் பெண்களின் நிலை பற்றி அவர் எழுதிய பெரிய நூல் இந்த மறுப்பிலிருந்துதான் கிளைத்தது. யாரும் பெண்ணாகப் பிறப்பதில்லை, பெண்ணாக ஆகிறார்கள் என்ற அதன் வாசகம் உலகம் சுற்றியது. சார்த்தரின் காகிதக் கத்தி வாதமேதான் அது, ஆனால் யார் ஆக்குகிறார்கள், எப்படி என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. நாம் சுதந்திரமாக இருக்க வேண்டுமானால் மற்றவர்களும் சுதந்திரமாக இருந்தாக வேண்டும் என்பது அவர் 1947இலேயே வந்துசேர்ந்த முடிவு. மெள்ள மெள்ள சார்த்தரும் இந்தப் பக்கம் நகர்ந்தார். சூழ்நிலை எதுவானாலும் ஒருவன் துரோகியாவதும் ஆகாததும் அவன் கையில்தான் என்று தான் முன்பு எழுதியதைப் பற்றி, இதையா நம்பிக்கொண்டிருந்தேன் என்று 1969 வாக்கில் ஒரு பேட்டியில் அவரே வியந்துகொண்டார். என் கணக்கில் இந்த வட்டத்தில் அதிகம் நிலைக்கப்போவது பொவ்வார்தான்.

அவருக்கும் அம்மா கேள்வி வந்தது. 1963இல் எழுபதுகளில் இருந்த அவருடைய அம்மா குளியலறையில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். மருத்துவமனையில் பார்த்தால் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மாவிடம் வயிற்று அழற்சி என்று மட்டும் சொன்னார்கள், குணமாகிவிடும் என்று அவரும் நம்பினார். உண்மையை நேருக்கு நேர் பார், உன்னையே ஏமாற்றிக்கொள்ளாதே என்று எழுதிவந்த தத்துவவாதி, தங்கையோடு சேர்ந்து அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து பொய் சொல்லிக்கொண்டிருந்தார். சில வாரங்களில் அம்மா போய்விட்டார். அடுத்த வருடமே அதை ஒரு சிறிய நூலாக, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல், எழுதினார். அது சரியா தவறா என்று அதில் தீர்ப்பு இல்லை. நம் குடும்பங்களில் எத்தனை பேர் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறோம்!

'அர்த்தத் தேடல்' என்றவுடன் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிற விக்டர் ஃபிராங்க்ல் இந்தப் பாரிஸ் வட்டத்தில் இல்லை. வியன்னாவின் மனநல மருத்துவர், யூதர். 1941இல் அமெரிக்கா போக அவருக்கு விசா கிடைத்தது. வயதான பெற்றோருக்குக் கிடையாது. அவர் வேலைபார்த்த மருத்துவமனைப் பதவி அதுவரை அவரையும் பெற்றோரையும் நாடுகடத்தலிலிருந்து காத்து வந்தது. அவர் போய்விட்டால் அவர்கள் கதி என்ன என்பதில் சந்தேகமே இல்லை. குழம்பிப்போய் வீட்டுக்கு வந்தால் மேசை மேல் ஒரு சலவைக்கல் துண்டு. நாஜிகள் இடித்த யூதக் கோயிலின் இடிபாட்டிலிருந்து அப்பா எடுத்துவந்தது. அதில் பொன்னிறத்தில் ஒரே ஒரு எபிரேய எழுத்து. பத்துக் கட்டளைகளில் ஒன்றில்தான் அந்த எழுத்து வரும் என்றார் அப்பா: உன் தந்தையையும் தாயையும் மதித்து நட. ஃபிராங்க்ல் விசாவைக் காலாவதியாக விட்டுவிட்டார்.

அவர் தங்கியதால் அவர்கள் பிழைக்கவில்லை. 1942இல் அவரும் மனைவி டில்லியும் பெற்றோரும் தெரேசின்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். அப்பா அங்கேயே இறந்தார், மகன் பக்கத்தில் இருந்து வலி தெரியாமல் மருந்து கொடுத்தார். அம்மா ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார், அவருடைய சகோதரரும் பிழைக்கவில்லை, மனைவி பெர்கன்-பெல்சனில் இறந்தார். 1945 ஏப்ரலில் விடுதலையாகி வியன்னா திரும்பிய ஃபிராங்க்ல், முகாம் அனுபவத்தை ஒன்பது நாளில் சொல்லச்சொல்ல எழுதவைத்தார். 1946இல் வெளிவந்த அந்த நூல்தான் இன்று விமான நிலையக் கடைகள் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

அதன் மையத்தில் இருப்பது கேள்வியைத் திருப்பிப் போடும் ஒரு காரியம். வாழ்க்கையிடம் எனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்காதே, வாழ்க்கை உன்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது, நீ பதில் சொல் என்கிறார். சாகத் துணிந்திருந்த இரண்டு கைதிகளைப் பற்றி எழுதுகிறார். ஒருவருக்கு வெளிநாட்டில் ஒரு குழந்தை காத்திருந்தது. மற்றவர் விஞ்ஞானி, முடிக்காத நூல்வரிசை ஒன்று இருந்தது. இருவருடைய இடத்தையும் வேறு யாராலும் நிரப்ப முடியாது. இப்படி, பொதுவான வாழ்க்கையின் அர்த்தம் என்ற ஒன்றை அவர் பேசுவதே இல்லை. இந்த மனிதனுக்கு, இந்த நேரத்தில், இன்னாருக்காக என்றுதான் பேசுகிறார்.

இங்கே சார்த்தருக்கும் அவருக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. சார்த்தரைப் பொறுத்தவரை அர்த்தம் என்பது நாம் உண்டாக்குவது. ஃபிராங்க்லுக்கு அது ஏற்கனவே அங்கே இருக்கிறது, மனசாட்சி அதைக் கண்டெடுக்கிறது. அந்தச் சலவைக்கல்லை சார்த்தரிடம் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்கக்கூட வேண்டாம். அதே 1945 பேச்சில், போர்க்கைதி முகாமில் தான் சந்தித்த ஒரு ஜேசு சபைத் துறவியைப் பற்றிச் சொல்கிறார். படிப்பு, காதல், ராணுவத் தேர்வு எல்லாவற்றிலும் தோற்ற அவர், அதைக் கடவுளின் அடையாளமாகப் படித்துத் துறவியானார். தச்சனாகப் போ என்றோ புரட்சிக்காரனாகு என்றோ கூட அந்தத் தோல்விகளைப் படித்திருக்கலாமே, படித்தது அவர்தான் என்கிறார் சார்த்தர். கல்லும் அப்படித்தான். 'உன் நாட்கள் நீடிக்கும்' என்று அந்தக் கட்டளை மேலும் சொல்கிறது. பிழைத்துக்கொள், போ என்று அதை ஒருவர் படித்திருக்க முடியும். வாதத்தில் சார்த்தர் பக்கம்தான் பலம் என்று நினைக்கிறேன். ஆனால் முடிவெடுக்கும் மனிதனுக்கு உள்ளே இருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்பதை ஃபிராங்க்ல் சரியாகச் சொல்கிறார். நாமாக ஒன்றைக் கற்பித்துக்கொண்டோம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை, ஏதோ ஒன்று நம்மை அழைத்தது என்றுதான் தோன்றுகிறது.

ஃபிராங்க்ல் நூலை இன்று பலர் படிக்கிற விதத்தில் ஒரு தவறு இருக்கிறது. மனநிலை சரியாக இருந்தால் எதையும் தாங்கலாம், ஆகவே தாங்காதவன் பலவீனன் என்று முகாமைச் சுயமுன்னேற்றப் பாடமாக்கிவிடுகிறார்கள். நம்மில் நல்லவர்கள் திரும்பவில்லை என்று அந்த நூலின் ஆரம்பத்திலேயே அவர் எழுதியிருப்பதை இவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். யார் பிழைத்தார் என்பதில் குருட்டு அதிர்ஷ்டத்துக்கு இருந்த பங்கு அவருக்கு நன்றாகவே தெரியும்.

மூன்றாவது பதில் பிரெஞ்சு எழுத்தாளர் அல்பேர் காம்யுவுடையது. அர்த்தத்தை உண்டாக்கவும் வேண்டாம், கண்டெடுக்கவும் வேண்டாம், அது இல்லாமலே வாழ முடியுமா பார் என்கிறார். அல்ஜீரியாவில் ஏழைக் குடும்பத்தில் 1913இல் பிறந்தவர். அடுத்த ஆண்டே அப்பா முதல் உலகப்போரில் இறந்தார். அம்மா காது சரியாகக் கேட்காதவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், வீட்டுவேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். காசநோய் பதினேழு வயதிலேயே சாவைக் காட்டிவிட்டது. மனிதன் காரணம் கேட்டுக்கொண்டே இருக்கிறான், உலகம் பேசுவதாக இல்லை. இந்த இரண்டும் உரசும் இடத்தை அவர் அபத்தம் என்றார். அதற்காகச் சாக வேண்டியதில்லை, பொய்யான ஆறுதலுக்கும் போக வேண்டியதில்லை என்பது 1942 கட்டுரை நூலின் வாதம். பாறையை மலையுச்சிக்குத் தள்ளித் தள்ளி, அது ஒவ்வொரு முறையும் உருண்டு விழுவதைப் பார்க்கிற கிரேக்கப் புராணத்துச் சிசிஃபஸ் மகிழ்ச்சியாக இருப்பதாக நாம் எண்ணிக்கொள்ள வேண்டும் என்று அது முடிகிறது. அந்த முடிவில் எனக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகம் உண்டு. எண்ணிக்கொள்ளச் சொல்கிறாரே தவிர, காட்டவில்லை.

அதே ஆண்டு வந்த அவருடைய நாவல் அம்மாவின் சாவுச் செய்தியோடுதான் தொடங்குகிறது. கதாநாயகன் ஒரு அரேபியனைச் சுட்டுக்கொன்ற வழக்கில் மாட்டுகிறான், ஆனால் நீதிமன்றத்தில் அவனைக் கவிழ்ப்பது அம்மாவின் இறுதிச் சடங்கில் அவன் அழவில்லை என்பது. வழக்கத்துக்கு அழாதவனைச் சமூகம் விட்டுவைக்காது. அந்த அரேபியனுக்கு நாவலில் பெயர்கூட இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காம்யுவின் அல்ஜீரியா முழுமையானது இல்லை.

1957இல் நோபல் பரிசு வாங்கப் போன இடத்தில் அது அவரை நேராக வந்து கேட்டது. அல்ஜீரிய விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. ஸ்டாக்ஹோமில் ஓர் அல்ஜீரிய இளைஞன் அவர் மௌனத்தைக் குறித்து மடக்கினான். அல்ஜியர்ஸின் டிராம்களில் குண்டு வைக்கிறார்கள், என் அம்மா அந்த டிராம் ஒன்றில் இருக்கலாம், அதுதான் நீதி என்றால் எனக்கு அம்மாதான் என்ற பொருளில் பதில் சொன்னார். இடதுசாரிகள் அவரைக் கிழித்துப்போட்டார்கள். பாதி நியாயம் அவர்கள் பக்கம் இருக்கிறது. மற்றவர்களுக்கும் அம்மா உண்டல்லவா? ஆனால் கொள்கைக்கு முன் ஒரு முகத்தை வைப்பதை மறைக்காமல் சொன்ன துணிச்சல் அந்தக் கால அறிவாளிகளிடம் அரிது. 1960 ஜனவரியில் கார் விபத்தில் அவர் இறந்தபோது பையில் கிடைத்த முடியாத நாவலின் காணிக்கை, இந்த நூலை ஒருபோதும் படிக்க முடியாத உனக்கு என்று அம்மாவைப் பார்த்துச் சொல்கிறது. சார்த்தரின் மாணவன் என்ன முடிவெடுத்தான் என்று அந்தப் பேச்சில் இல்லை. காம்யு எந்தப் பக்கம் என்பதில் இப்படிச் சந்தேகமே இல்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். இவர்களில் பாதிப் பேர் இருத்தலியலாளர் என்ற பட்டத்தையே ஏற்கவில்லை. காம்யு 1945லேயே மறுத்தார், ஹைடெக்கர் மறுத்தார், பிரெஞ்சுத் தத்துவவாதி கப்ரியேல் மார்செல் அந்தப் பெயரைச் சூட்டியபோது சார்த்தரே முதலில் முகம் சுளித்தார். அப்புறம், ஊரே அப்படி அழைக்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

படிக்கத் தொடங்குகிறவர்கள் சார்த்தரின் தடித்த நூலில் கைவைக்க வேண்டாம், அநேகமாக முப்பதாம் பக்கத்தில் நின்றுவிடுவீர்கள். காம்யுவின் அந்த நாவல் வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் 'அந்நியன்' என்று பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்கு வந்திருக்கிறது. ஒரே மூச்சில் படித்துவிடலாம். தமிழிலேயே தத்துவப் பின்னணி வேண்டுமென்றால் எஸ்.வி. ராஜதுரை எழுபதுகளில் எழுதிய 'எக்ஸிஸ்டென்ஷியலிசம்' அறிமுக நூல் இருக்கிறது. சார்த்தரின் 1945 பேச்சைப் பிறகு எடுங்கள், ஒரு மாலை போதும். கீர்க்கெகார்டுக்கு அவசரம் இல்லை. பொவ்வார் அம்மாவைப் பற்றி எழுதிய சிறிய நூலை மட்டும், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாத நேரத்தில் எடுக்காதீர்கள்.